பழைய கன்வெர்ட்டிபிள் வாங்குகிறீர்களா? உங்கள் உரிமைகளை அறியுங்கள்

பிரிட்டனில் வெயில் தலைகாட்டினால் போதும், கூரை திறக்கும் இரண்டு இருக்கைக் கார்களுக்கு மவுசு கூடிவிடும். 1989-இல் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5 அவற்றில் பலரின் கனவு. 2016-இல் பத்து லட்சமாவது கார் தயாரானது என்பதால், பழைய வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. ஆசையை விட எச்சரிக்கை முந்த வேண்டிய இடம் இது.

முதல் எதிரி துரு

துணிக்கூரையில் விழும் மழைநீர், இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள வடிகால் துளைகள் வழியே வெளியேற வேண்டும். இலைதழை அடைத்துக்கொண்டால், கதவுக்கடியில் ஓடும் சில் பகுதிக்குள் நீர் இறங்கி, உள்ளிருந்தே அரித்துவிடும். பின்சக்கரத்துக்கு முன்னால் பெயின்ட் கொப்பளித்திருந்தால் உள்ளே சேதம் அதிகம் என்று கொள்ளுங்கள். வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தைப் பாருங்கள். தரைவிரிப்பைத் தூக்கி ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். வாங்கிய பிறகும் அந்தத் துளைகளை அடிக்கடி சுத்தம் செய்வது வெல்டிங் செலவைத் தவிர்க்கும்.

காகிதங்கள் சொல்வது

பதிவெண்ணை அரசு இணையதளத்தில் இட்டால், எம்ஓடி எனும் வாகனத் தகுதிச் சோதனையின் வரலாறு இலவசமாகக் கிடைக்கும். துரு பற்றிய எச்சரிக்கை ஆண்டுதோறும் வந்திருக்கிறதா, ஓடிய மைல் கணக்கு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வி5சி பதிவு ஆவணம் உரிமைக்குச் சான்று அல்ல. வண்டி யார் பொறுப்பில் இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். எனவே வண்டி மீது கடன் பாக்கி உண்டா என்று கட்டணம் செலுத்திச் சரிபாருங்கள். விற்றவர் கட்டிய சாலை வரி உங்களுக்கு மாறாது. நீங்கள் புதிதாகக் கட்ட வேண்டும்.

சட்டம் தரும் பாதுகாப்பு

வியாபாரியிடம் வாங்கினால் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் துணை நிற்கும். விற்கும்போதே இருந்த குறை தெரியவந்தால், வண்டி கைக்கு வந்த 30 நாட்களுக்குள் அதைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதன்பின் பழுதுபார்க்க ஒரு வாய்ப்பு தர வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் வண்டியைத் திருப்பலாம். ஓட்டிய அளவுக்குப் பணம் பிடிக்கப்படலாம். முதல் 6 மாதங்களுக்குள் பழுதுபார்க்கக் கேட்டால், குறை முன்பு இல்லை என்று நிரூபிப்பது வியாபாரியின் பொறுப்பு. "இருக்கிற நிலையில் விற்பனை" என்று ரசீதில் எழுதி அவர் தப்ப முடியாது. ஆனால் வயதுக்கேற்ற தேய்மானமும், வாங்குமுன் உங்களுக்குச் சொல்லப்பட்ட குறையும் இதில் சேராது.

தனிநபரிடம் வாங்கினால் பாதுகாப்பு மிகக் குறைவு. வண்டி அவர் விவரித்தபடி இருக்க வேண்டும். ஆகவே விளம்பரத்தையும் குறுஞ்செய்திகளையும் பத்திரப்படுத்துங்கள்.

ஏமாந்தால் என்ன செய்வது?

புகாரை எழுத்தில் அனுப்புங்கள். 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள வண்டிக்கு, வியாபாரியிடம் ஒரு பகுதிப் பணத்தையாவது கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், கார்டு நிறுவனத்திடமும் இழப்பீடு கோரலாம். தீர்வு கிடைக்காவிட்டால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்டு வரையிலான வழக்கைச் சிறு உரிமைக்கோரல் முறையில் வழக்கறிஞர் இல்லாமலே தொடுக்கலாம்.

குறை தெரிந்த அன்றே எழுதுங்கள். அந்த 30 நாட்களை வாய்மொழி உறுதிகளுக்குப் பலிகொடுக்காதீர்கள்.