பதிலாள் நுழைவும் தொழில்முதனிலையும்: செயற்கை நுண்ணறிவு முகவர்களுக்கு அதிகாரம் வழங்குதல்

1. முன்னுரை

ஒருவர் செய்யவேண்டிய செயலை அவருக்காக மற்றொருவர் செய்வது சமுதாய வழக்கில் புதிதன்று. வழக்கறிஞர் வகாலத்து பெற்று ஒருவருக்காக வாதிடுகிறார். வெளியூரில் வாழ்பவர் அதிகார ஆவணம் எழுதிக்கொடுத்து உறவினர் வழியாக நிலத்தை விற்கிறார். அண்மைக் காலத்தில் இப்பதிலாள் பணியைச் செயற்கை நுண்ணறிவு முகவர்கள் எனப்படும் மென்பொருள்கள் ஏற்று வருகின்றன. பயனர் இயல்பான மொழியில் இடும் பணியை ஏற்று, உலாவியைத் திறந்து, பக்கங்களைப் படித்து, படிவங்களை நிரப்பும் திறன் இவற்றுக்கு உண்டு. வங்கி, மின்கட்டணம், வருமானவரி போன்றவற்றுக்கான தளங்களில் பணி முடியவேண்டுமாயின் முகவர் பயனரின் கணக்கினுள் நுழைய வேண்டும். அந்நுழைவைத் தீங்கின்றி அமைக்கும் வழிகளை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். இது கணிப்பொறியியல் சிக்கலாகத் தோன்றினும், செய்தவர் யார், யாருக்காகச் செய்தார், ஏவியவர் யார் என்னும் மொழியியல் வினாக்கள் இதன் அடிப்படையில் உள்ளன.

2. ஆள்மாறாட்டமும் ஒப்படைப்பும்

கணிப்பொறிக் கடவுச்சொல்லின் தொடக்ககால எடுத்துக்காட்டு, 1960களின் முற்பகுதியில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயங்கிய நேரப்பகிர்வு முறைமையில் காணப்படுகிறது. பலர் ஒரே கணிப்பொறியைப் பயன்படுத்திய சூழலில், ஒருவருடைய கோப்புகளை மற்றவர் திறவாதிருக்க அது உதவியது. கடவுச்சொல்லை அறிந்தவரே கணக்குக்கு உரியவர் என்பது இம்முறையின் உட்கோள். எனவே முகவரிடம் கடவுச்சொல்லைக் கொடுப்பவர் ஒரு பணியை மட்டும் ஒப்படைப்பதில்லை. கணக்கைப் பொறுத்தவரை தம்மையே ஒப்படைத்துவிடுகிறார். தளத்தின் பதிவேட்டில் முகவரின் செயல்கள் யாவும் அவருடைய செயல்களாகவே பதிவாகும்.

இணையப் பொறியியல் செயற்குழு 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆர்எஃப்சி 8693 என்னும் ஆவணம் இங்கு இரு கருத்துகளை வேறுபடுத்துகிறது. ஒருவர் மற்றொருவரிடமிருந்து பிரித்தறிய இயலாதவாறு அவருடைய உரிமைகளோடு இயங்குவது முதலாவது. இதனை ஆள்மாறாட்டம் எனலாம். தம் அடையாளத்தை இழக்காமல் மற்றொருவர் சார்பில் இயங்குவது இரண்டாவது. இதனை ஒப்படைப்பு எனலாம். அனுமதிச்சீட்டில் உரியவரையும் செய்பவரையும் தனித்தனியே குறிக்க இவ்வாவணம் இடமளிக்கிறது. கடவுச்சொல்லைப் பகிர்வது ஆள்மாறாட்டத்தின்பாற்படும்.

3. தொழில்முதனிலை எட்டு

ஒரு செயல் நிகழ்வதற்குரிய தொழில்முதனிலைகளை எட்டாகத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் வகுக்கிறது. இப்பகுப்பு, பதிலாளுக்கு வழங்கும் இசைவு முழுமையானதா என ஆராயவும் பயன்படுகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் 'வங்கியிலிருந்து வட்டிச் சான்றிதழை எடுத்துக் கொடு' என்று முகவருக்குப் பணி இடுவதாகக் கொள்வோம். அதன் முழு வடிவம் பின்வருமாறு அமையும்:

(1) வினை: பதிவிறக்குதல் மட்டும், பணம் அனுப்புதல் அன்று.
(2) செய்பவர்: குறிப்பிட்ட முகவர்.
(3) செயப்படுபொருள்: குறிப்பிட்ட நிதியாண்டின் வட்டிச் சான்றிதழ்.
(4) நிலம்: அவ்வங்கியின் மெய்யான இணையதளம்.
(5) காலம்: இன்று, ஒருமுறை.
(6) கருவி: இப்பணிக்கென வழங்கப்பட்ட சீட்டு.
(7) இன்னார்க்கு: கணக்குக்கு உரிய ஆசிரியர்.
(8) இன்ன பயன்: வருமானவரிக் கணக்கு அளித்தல்.

வழக்கில் இவற்றுள் சில குறைந்து வருதலும் உண்டு என்று அந்நூலே கூறுகிறது. ஆசிரியர் தம் மகனிடம் இதே தொடரைக் கூறியிருந்தால், கூறாது விட்டவற்றை மகன் சூழலால் உணர்ந்துகொள்வான். தந்தையின் வைப்புத்தொகையை முறிக்கமாட்டான். வங்கியின் சேவையகம் அவ்வாறு உணராது. கடவுச்சொல் என்னும் கருவி கையளிக்கப்பட்டால், கூறாது விடப்பட்ட ஒவ்வொரு முதனிலையும் வரம்பற்றதாகவே கொள்ளப்படும். மனித உரையாடலில் இயல்பான தொகுத்துக் கூறல் இங்கு இடராகிறது.

4. வரம்புடைய சீட்டு

இம்முதனிலைகளில் பலவற்றை வெளிப்படையாக்கும் முயற்சியாக ஓஆத் என்னும் நெறிமுறையைக் கருதலாம். முன்னர், ஒரு சேவை பயனரின் மின்னஞ்சல் முகவரிப் பட்டியலைப் பெற அவருடைய மின்னஞ்சல் கடவுச்சொல்லையே கேட்கும் வழக்கம் இருந்தது. அதனைத் தவிர்க்க 2007இல் ஓஆத் முதல் வடிவமும், 2012இல் ஆர்எஃப்சி 6749 ஆக இரண்டாம் வடிவமும் வெளிவந்தன. இம்முறையில் பயனர் உரிய தளத்துக்கே நேரே சென்று தம்மை மெய்ப்பிக்கிறார். எவ்வெவற்றுக்கு இசைவு கேட்கப்படுகிறது என்பதை அத்தளம் காட்டுகிறது. அவர் ஒப்பியபின் முகவருக்கு ஓர் அனுமதிச்சீட்டு கிடைக்கிறது. கடவுச்சொல் முகவரை அடைவதே இல்லை. சீட்டுக்கு எல்லையும் காலவரையும் வகுக்கலாம். கடவுச்சொல்லை மாற்றாமலே அதனைத் திரும்பப் பெறலாம்.

இந்திய நிதித்துறையிலும் இக்கருத்து இடம்பெற்றுள்ளது. கணக்குத் திரட்டி நிறுவனங்களுக்காக இந்திய ரிசர்வ் வங்கி 2016இல் வெளியிட்ட நெறிமுறை, எத்தகவல், எந்நோக்கம், பெறுபவர் யார், எந்நாள் வரை என்பவற்றை இசைவு ஆவணத்தில் குறிக்கச் செய்தது. வாடிக்கையாளரின் கடவுச்சொல்லைக் கேட்பதையும் சேமிப்பதையும் தடை செய்தது. 2024இல் அறிமுகமான யூபிஐ சர்க்கிள் மற்றோர் எடுத்துக்காட்டு. அதில் ஒருவகை ஒப்படைப்பில் முதன்மைப் பயனர் ஒவ்வொரு செலவையும் தாமே ஒப்புகிறார்; மற்றொரு வகையில், அறிமுகத்தின்போது வகுக்கப்பட்டவாறு, மாதம் ரூ.15,000 வரையிலான எல்லைக்குள் மற்றவர் தாமே செலவிடலாம். இவை மனிதருக்கும் நிறுவனங்களுக்கும் அமைக்கப்பட்டவை. எனினும் முகவர்களுக்கு வேண்டிய இலக்கணம் இவற்றில் உள்ளது.

5. ஏவல் யாருடையது?

சீட்டை வரம்பிட்டபின்னும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. நார்ம் ஹார்டி 1988இல் எழுதிய கட்டுரையொன்றில் 'குழம்பிய பதிலாள்' என்னும் நிலையை விளக்கினார். கணிப்பொறி மொழிபெயர்ப்பி ஒன்றுக்குத் தன் புள்ளிவிவரக் கோப்பில் எழுதும் சிறப்புரிமை இருந்தது. பயனர் ஒருவர், விளைவை எழுதவேண்டிய கோப்பின் பெயராக, அதே கோப்பகத்தில் இருந்த கட்டணக் கோப்பின் பெயரைக் கொடுத்தார். மொழிபெயர்ப்பி தன் உரிமையைக் கொண்டு அக்கோப்பை அழித்து எழுதிவிட்டது. உரிமை ஒருவருடையது, ஏவல் மற்றொருவருடையது என்பதை அது பிரித்தறியவில்லை.

மொழிவழி இயங்கும் முகவரிடம் இக்குழப்பம் பெருகுகிறது. தமிழில் பிறர் கூற்றை 'என்று' என்னும் இடைச்சொல் வரையறுக்கிறது. 'பணத்தை அனுப்பு என்று பக்கத்தில் எழுதியிருந்தது' என்னும் தொடரில், 'அனுப்பு' என்னும் ஏவல் வினை கேட்பவரை ஏவுவதில்லை. அது செய்தியாக மட்டும் நிற்கிறது. மொழி மாதிரிக்கோ பயனரின் ஆணையும் பக்கத்தின் வாசகமும் ஒரே சொற்கோவையாகச் சென்று சேர்கின்றன. இரண்டுக்கும் இடையே குறியீடுகள் இட்டாலும் அவற்றை அது பிழையின்றி மதிக்கும் என்பதற்கு உறுதி இல்லை. தளமொன்றில் கண்ணுக்குப் புலப்படாதவாறு எழுதிய ஏவல் தொடரை உரியவரின் ஆணையாக அது ஏற்கக்கூடும். 2022 முதல் இது 'ப்ராம்ட் இன்ஜெக்சன்' என்னும் பெயரால் ஆராயப்பட்டு வருகிறது. தமிழில் இதனை ஏவல் புகுத்தல் எனலாம்.

6. மறையை மொழிக்கு வெளியே வைத்தல்

மேற்கூறியவற்றிலிருந்து ஒரு நெறி பெறப்படுகிறது. முகவர் படிக்கும் மொழிப்பரப்பினுள் மறைச்சொல் இடம்பெறலாகாது. தான் அறியாத ஒன்றை எவ்வளவு ஏமாற்றப்பட்டாலும் முகவரால் வெளியிட இயலாது. இதற்குரிய வழிகள் சில வருமாறு:

முதலாவது, அனுமதிச்சீட்டு முறை இல்லாத தளங்களில் நுழைவுப் பக்கம் வந்ததும் முகவர் நின்று, உலாவியைப் பயனரிடம் ஒப்படைத்தல். 2025 சனவரியில் ஓப்பன்ஏஐ வெளியிட்ட ஆபரேட்டர் இவ்வழியைக் கையாண்டது. இரண்டாவது, கடவுச்சொல் காப்பகம் ஒன்று மாதிரியின் பார்வைக்கு எட்டாதவாறு உலாவியில் நேரே நிரப்புதல். தளத்தின் முகவரி ஒத்திருந்தால் மட்டுமே காப்பகம் நிரப்புமாயின் போலித் தளங்களும் விலக்கப்படும். நிலம் என்னும் முதனிலை இங்கு காக்கப்படுகிறது. மூன்றாவது, பணம் அனுப்புதல், கடவுச்சொல் மாற்றுதல் போன்ற மீளப்பெறற்கரிய செயல்களுக்கு முன் உரியவரின் ஒப்புதலை முகவருக்குப் புறம்பான வழியில் பெறுதல்.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள் இன்றியமையாதவை. நுழைவு முடிந்தபின் உலாவியில் தங்கும் அமர்வுக் குக்கி, அது செல்லுபடியாகும் காலம்வரை கடவுச்சொல்லுக்கு நிகரானது. அது களவுபோனால் கணக்கும் களவுபோகும். எனவே முகவருக்குத் தனி உலாவி அமர்வு அமைத்து, பணி முடிந்ததும் அதனை முடித்துவிட வேண்டும். அடுத்து, பயனரின் குறுஞ்செய்திகளையும் மின்னஞ்சலையும் முகவர் படிக்க இயலுமாயின், ஒருமுறைக் கடவுச்சொல்லும் அதற்கு எட்டிவிடும். இரண்டாம் காவல் என அமைத்தது அப்போது காவலாக இராது.

7. முடிவுரை

பதிலாள் நுழைவில் முகவரின் அறிவுக்கூர்மை மட்டும் பாதுகாப்பைத் தராது. செய்பவரும் உரியவரும் பிரித்தறியப்படுதல், எட்டு முதனிலைகளும் இயன்றவரை வெளிப்படையாதல், மறைச்சொல் முகவரின் பார்வைக்கு அப்பாற்படுதல் ஆகிய மூன்றும் ஒருங்கே வேண்டும். இவற்றுடன், இசைவு கேட்கும் தொடர்கள் பயனரின் மொழியில் தெளிவாக அமைதலும் வேண்டும். 'உங்கள் கணக்கை அணுக இசைகிறீர்களா?' என்னும் வினாவில் செய்பவரும் இல்லை, காலமும் இல்லை, பயனும் இல்லை. மேற்கூறிய ஆசிரியர் அவ்வினாவுக்கு 'ஆம்' என்று விடையளித்தால், தாம் எதற்கு இசைந்தார் என்பதை அவரே அறியார். அத்தொடரை நிறைவுறச் செய்வது பொறியியலாரும் மொழியியலாரும் இணைந்து ஆற்றவேண்டிய பணியாகும்.