பெயர்ப் பலகையில் பெரியவர் சிறியவர் இல்லை

கடைக்குப் பெயர்ப் பலகை எழுதும் முன் நாம் மனதில் கொள்ள வேண்டியது, 1948ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளில் 15ஆவது விதி. தமிழ் மேலே, பிற மொழிகள் அதன் கீழே. பத்துப் பங்கு இடத்தில் தமிழுக்கு 5, ஆங்கிலத்துக்கு 3, வேறு மொழிக்கு 2.

இந்தக் கணக்கு பலகையின் அளவைப் பார்ப்பதில்லை, பங்கைத்தான் பார்க்கிறது. ஆகவே மளிகைக் கடையின் தகரப் பலகைக்கும், வணிக வளாகத்தின் மின்விளக்குப் பலகைக்கும் ஒரே விதிதான்.

'எங்கள் கம்பெனி எழுத்து எல்லா ஊரிலும் ஒன்றுதான்' என்று பெரிய கடைகள் விலக்குக் கேட்டால் நாம் ஏற்கலாகாது. அவர்களுக்குச் சலுகை, நமக்கு அபராதம் என்பது நியாயமாகாது. அதைத் தட்டிக் கேட்க, முதலில் நம் பலகை சரியாக இருக்கட்டும். பெயின்டரிடம் கொடுக்கும்போதே அளவைச் சொல்லி எழுத வையுங்கள்.