கைவினைஞரும் பொருட்காட்சியும்

ஒரு பொருளை ஆக்குதல் ஒரு கலை. ஆக்கிய பொருளை அயலார் முன் வைத்து அதன் அருமையை உணர்த்துதல் மற்றொரு கலை. முன்னதில் வல்லவர் பலர் பின்னதை அறியாமையால் வறுமையுற்றனர். ஆதலின், பொருட்காட்சிக்கு முதன்முறை செல்லும் கைவினைஞர் அறிய வேண்டுவன யாவை என ஈண்டு ஆராய்வோம்.

பண்டை மதுரையில் நாளங்காடி, அல்லங்காடி என இருவகை அங்காடிகள் விளங்கியதை மதுரைக்காஞ்சியால் அறிகிறோம். அங்காடி பழையது, பல நாட்டார் கூடும் பொருட்காட்சியோ பிற்காலத்தது. 1851ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில், இரும்பாலும் கண்ணாடியாலும் எழுப்பிய மாளிகையில், பெரும் பொருட்காட்சி ஒன்று நடைபெற்றது. அறுபது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அதனைக் கண்டனர். டாக்கா மசுலினும், காசுமீரச் சால்வையும், திருவிதாங்கூர் மன்னர் அனுப்பிய யானைக்கோட்டு அரியணையும் அங்கே அனைவரையும் வியப்பில் ஆழ்த்தின. ஆயினும், இந்தியப் பகுதியை அமைத்தவர் கிழக்கிந்தியக் கும்பினியாரே. பொருள்கள் கடல் கடந்து சென்றன. அவற்றை ஆக்கிய கைகள் ஊரிலேயே நின்றன.

இன்று அந்நிலை மாறியுள்ளது. 1987 முதல் அரியானா மாநிலத்துச் சூரஜ்குண்டில் நடைபெறும் விழாவிலும், 1994இல் தொடங்கிய தில்லி ஹாட்டிலும் கைவினைஞர் தாமே தம் பொருளருகே நிற்கின்றனர். நிற்பவர் பேசவும் வேண்டும் அன்றோ?

பொருட்காட்சி இருவகைப்படும். பொதுமக்கள் வந்து பணம் கொடுத்துப் பொருளை அப்பொழுதே பெற்றுச் செல்வது ஒருவகை. வணிகர் வந்து மாதிரிகளைக் கண்டு, ‘இத்தனை வேண்டும்’ என்று ஆணை கொடுத்துச் செல்வது மற்றொரு வகை. தில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் ஆண்டுக்கு இருமுறை நடைபெறும் கைவினைப்பொருட் காட்சி இப்பின்னதைச் சேர்ந்தது. முன்னதற்கு விற்பனைச் சரக்கு மிகுதியாக வேண்டும். பின்னதற்குத் தேர்ந்த மாதிரிகள் சிலவே போதும். இவ்வேறுபாட்டை முன்னரே கேட்டறிதல் நலம்.

இனி, பத்தமடைப் பாயை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலிச் சீமையில், தாமிரபரணிப் பாங்கில் விளையும் கோரையை அறுத்து உலர்த்தி, ஓடும் நீரில் பல நாள் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்துச் சாயமேற்றி, நூலைப் பாவாகக் கொண்டு நெய்வர். நன்கு நெய்த பாய் பட்டுப்போல் மடியும். ஆனால், கோரையையே காணாத அயலார்க்கு அது வெறும் பாயாகவே தோன்றும். பச்சைக் கோரை ஒன்று, கிழித்த இழை ஒரு பிடி, பாதி நெய்த பாய் ஒன்று ஆகிய மூன்றையும் அரங்கில் வைத்துவிட்டால், நூறு சொற்கள் விளக்காததை அவை விளக்கிவிடும். அளவும், நெய்த நாள்களும், விலையும் எழுதிய சிறு சீட்டு ஒவ்வொரு பாயிலும் இருத்தல் வேண்டும். வருவோர் தொட்டுப் பார்க்கட்டும், மடித்தும் பார்க்கட்டும்.

விலை குறித்தலே யாவற்றினும் அரியது. ஒரு பாய்க்குக் கோரை, நூல், சாயம் ஆகியவற்றின் செலவு 400 ரூபாய் எனவும், நெய்ய எட்டு நாள் ஆகும் எனவும் கொள்வோம். நாளொன்றுக்குக் கூலி 500 ரூபாயாயின் உழைப்பின் மதிப்பு 4,000 ரூபாய். வழிச்செலவிலும் அரங்க வாடகையிலும் அப்பாய்க்குரிய பங்கு 300 ரூபாய். ஆக, அடக்கவிலை 4,700 ரூபாய். அடுத்த அரங்கில் நெகிழிப்பாய் மலிவாக விற்கிறதே என்று அஞ்சி, இதனை 2,000 ரூபாய்க்குக் கொடுப்பவர் தம் உழைப்பில் ஐந்து நாளுக்கு மேற்பட்டதை இழக்கின்றார். சரக்கு முழுதும் விற்றுத் தீர்ந்தாலும், அவர் வீடு திரும்புவது நட்டத்தோடுதான். தந்தை கூலியின்றி உழைப்பதைக் கண்ட மகன் அத்தொழிலை விரும்புவானா? இவ்வாறே தொழில்கள் அழிகின்றன.

விலையைப் போன்றே வாக்கும் கணக்கிற்கு உட்பட்டது. வணிகர் ஒருவர் இரண்டு மாதத்தில் நூறு பாய் கேட்கின்றார். ஊரில் இருப்பவை பத்துத் தறிகள். அறுபது நாளில் அவற்றில் எழுபத்தைந்து பாய்களே முடியும். மகிழ்ச்சி மிகுதியால் நூற்றுக்கும் ஒப்புக்கொண்டால், நெய்தல் நெகிழும். அன்றேல் நாள் தவறும். இரண்டினாலும் ஊரின் பெயர் கெடும். “எழுபத்தைந்து தருவேன், எஞ்சியவற்றிற்கு இன்னும் இருபது நாள் வேண்டும்” என்று கூறி, அளவும் நாளும் முன்பணமும் எழுத்தில் பெறுதலே அறிவுடைமை.

மாணவர்களே! பொருட்காட்சிக்குச் செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டின், பொருளை மட்டும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். அருகில் நிற்பவரிடம், “ஐயா, இதனைச் செய்ய எத்தனை நாள் ஆயிற்று?” என்று கேளுங்கள். விடையைக் கேட்டபின் பேரம் பேச உங்களுக்கு மனம் வாராது. கைவினைஞர் தம் உழைப்பின் அளவை அறிந்து கூறுதலும், வாங்குவோர் அதனை மதித்துக் கொடுத்தலும் ஆகிய இரண்டும் கூடிய இடத்திலேதான் கைத்தொழில் அடுத்த தலைமுறைக்கு வாழும்.