வேருக்கு ஊற்றினால் போதுமா?

சென்ற ஆண்டு ஊரிலிருந்து கொண்டுவந்த கறிவேப்பிலைக் கன்றை, மே மாத வெயிலில் தில்லி பால்கனியில் நட்டேன். இரண்டு வேளை தண்ணீர் ஊற்றியும் கருகிவிட்டது.

காரணம் பிறகுதான் புரிந்தது. நீரை மேலே ஏற்றுவதில் பெரும்பங்கு இலைக்குத்தான். இலையின் நுண்துளைகள் வழியே நீர் ஆவியாகும்போது, ஒன்றையொன்று பற்றியிருக்கும் நீர் மூலக்கூறுகள் தண்டின் மெல்லிய குழாய்களில் சரம்போல மேலே இழுபடுகின்றன. டப்ளின் விஞ்ஞானிகள் டிக்ஸனும் ஜோலியும் 1894-இல் தந்த விளக்கம் இது. 'லூ' காற்றில் இலைகள் இழுத்த வேகத்துக்கு, பெயர்த்தபோது அறுந்த வேர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை.

இம்முறை மழைக்காலத்தில் நட்டு, பாதி இலைகளைக் கிள்ளிவிட்டு, நிழலில் வைத்தேன். சென்ற வாரம் ரசத்துக்கு ஓர் ஆர்க்கு பறித்தோம்! நீங்களும் செய்து பாருங்களேன்.