ஓடும் படத்தில் ஒரு கடிகாரம்

ஓடுகின்ற படமொன்றின் ஓரத்தில் சிறிய கடிகாரம் ஒன்று எண்களை மாற்றிக்கொண்டே செல்வதை இன்று காணாதவர் இலர். ஓட்டப் பந்தயம், நீச்சற் போட்டி, உதைபந்தாட்டம், வகுப்பறைப் பரிசோதனை, சமையற் செய்முறை ஆகிய யாவற்றிலும் அது தோன்றுகின்றது. பார்ப்பவர் அதனை ஓர் அலங்காரம் என்று எண்ணிவிடல் கூடும். உண்மையில் அது படத்தோடு கூடவே நின்று சாட்சி சொல்லும் ஒரு பொருளாகும். அச்சாட்சி மெய்யானதா பொய்யானதா என்பது, படத்தைத் தொகுப்பவர் அக்கடிகாரத்தை எந்தக் கட்டத்திலே பதிக்கின்றார் என்பதைப் பொறுத்தது.

இதன் காரணத்தை அறிய, ஓடும் படத்தின் இயல்பை முதலில் நோக்குதல் வேண்டும். ஓடும் படம் என்பது ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கப்பட்ட தனிப்படங்களின் வரிசையே. எடுத்த வேகத்திலேயே அவற்றைக் காட்டினால் நிகழ்ச்சி நடந்தபடி தோன்றும். விரைவாகக் காட்டினால் மனிதர் துள்ளி ஓடுவர். மெதுவாகக் காட்டினால் நீரில் மிதப்பவர் போல அசைவர். இடையிலே சிலவற்றை நீக்கிவிட்டால், நீக்கிய நேரம் எவ்வளவு என்பது பார்ப்பவர்க்குத் தெரியவே மாட்டாது. ஆகவே படத்தை மட்டும் கொண்டு நேரத்தைக் கணிப்பது அரிது.

இந்தக் குறையை நன்கு உணர்ந்தவர்களுள் ஒருவர் அமெரிக்கரான பிராங்க் கில்பிரெத். தொழிலாளர் கைகள் எவ்வாறு இயங்குகின்றன என்பதை ஆராய்ந்து, வீண் அசைவுகளைக் குறைக்க முயன்றவர் அவர். 1912ஆம் ஆண்டளவில் அவர் தொழிற்சாலையிலே படம் எடுத்தபோது, படக்கருவியைக் கையாலே சுழற்றும் வழக்கம் இருந்தது. சுழற்றும் கை சற்றுத் தளர்ந்தால் படத்தின் வேகமும் தளரும். எனவே அவர் விரைந்து சுழலும் முள்ளுடைய கடிகாரம் ஒன்றைத் தொழிலாளியின் அருகிலேயே வைத்து, இரண்டையும் ஒரே படத்தில் எடுத்தார். அதன் பின்னர் கருவி எவ்வேகத்திற் சுழன்றாலும் கவலையில்லை. ஒவ்வொரு தனிப்படமும் தான் பிறந்த நேரத்தைத் தன்னிடத்திலேயே தாங்கி நின்றது.

விளையாட்டரங்கிலும் இதே எண்ணம் பயன்பட்டது. 1932ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் விழாவில், இரண்டு கண்ணாடி வில்லைகளையுடைய படக்கருவி ஒன்று வைக்கப்பட்டிருந்தது. ஒரு வில்லை ஓட்ட வீரரைப் பார்த்தது. மற்றது கடிகாரத்தைப் பார்த்தது. 100 மீற்றர் இறுதி ஓட்டத்திலே எடி டோலனும் ரால்ப் மெட்காவும் ஏறக்குறைய ஒன்றாகவே எல்லையை அடைந்தனர். இருவருக்கும் 10.3 செக்கன் என்றே நேரம் குறிக்கப்பட்டது. படத்தை ஆராய்ந்த பின்னரே நடுவர்கள் டோலனை வெற்றியாளராக அறிவித்தனர். 1964ஆம் ஆண்டு இன்ஸ்புருக் பனிக்கால ஒலிம்பிக் விழாவிலோ, ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தைத் தொலைக்காட்சித் திரையின் மீதே எழுத்தாகக் காட்டும் முறை கையாளப்பட்டது. வீட்டிலிருந்து பார்ப்பவரும் கடிகாரத்தைக் கூடவே பார்க்கும் காலம் அவ்வாறு வந்தது.

இங்கே குறிப்பிட்ட கடிகாரங்கள் யாவும் நிகழ்ச்சி நடக்கும்போதே அதனோடு சேர்ந்து ஓடியவை. இன்றோ கைத்தொலைபேசியால் எடுத்த படத்தைக் கணினியிலே வெட்டித் தொகுத்துவிட்டு, பின்னர் அதன்மீது கடிகாரம் ஒன்றை எவரும் ஒட்டிவிடலாம். வழு நுழையும் வாசல் இதுவே.

பாடசாலை ஒன்றின் 1500 மீற்றர் ஓட்டத்தை எடுத்துக்கொள்வோம். மாணவன் 5 நிமிடத்தில் ஓடி முடிக்கின்றான் என்க. தொகுப்பவர் தொடக்கத்தையும் இறுதிச் சுற்றையும் வைத்துக்கொண்டு, நடுப்பகுதியை நீக்கிப் படத்தை ஒன்றரை நிமிடமாகச் சுருக்குகின்றார். அதன் பின்னர் சுழியத்திலிருந்து ஒரு கடிகாரத்தை ஓடவிடுகின்றார். மாணவன் எல்லையைத் தொடும்போது திரையிலே 1 நிமிடம் 30 செக்கன் என்று தோன்றும்! 1998இல் ரோம் நகரில் ஹிஷாம் எல் கெரூஜ் உலக சாதனையாக ஓடிய நேரமே 3 நிமிடம் 26 செக்கன். கடிகாரம் தடங்கலின்றி ஓடியது. எண்கள் அழகாக மாறின. ஆயினும் அது சொன்னது நிகழ்ச்சியின் நேரத்தையன்று, படத்தின் நீளத்தையே.

இவ்வெடுத்துக்காட்டில் வழு மிகப் பெரியதாதலால் எவரும் நகைத்து விட்டுவிடுவர். வெட்டியது 4 செக்கன் மட்டுமாயின் நகைப்பதற்கு இடமிராது, பார்ப்பவர் நம்பிவிடுவர். அந்த நம்பிக்கையின் பேரில் ஒருவன் வென்றவனாகவும் மற்றொருவன் தோற்றவனாகவும் கருதப்படுதல் கூடும். சமையற் படத்திலே அரிசி வேகும் நேரத்தை வெட்டியபின் கடிகாரம் ஒட்டினால், அதை நம்பியவர் வீட்டில் அன்று அரைவேக்காடே உணவாகும்.

இதற்குப் பரிகாரம் எளிது. வெட்டுவதற்கு முன்னரே, முழுப்பதிவின் மீது கடிகாரத்தைப் பதித்துவிட வேண்டும். பின்னர் படத்தை எங்கு வெட்டினாலும் கடிகாரமும் அதனோடு சேர்ந்தே வெட்டுப்படும். 1 நிமிடத்திலிருந்து 4 நிமிடத்துக்கு எண் திடீரெனத் தாவும். அத்தாவலைக் குறையென்று கருதுவோர் உளர். ஆனால் ‘இங்கே 3 நிமிடம் நீக்கப்பட்டது’ என்று பார்ப்பவர்க்கு அறிவிப்பது அத்தாவலே. வேகத்தைக் குறைத்துக் காட்டும் இடத்திலும் அவ்வாறே. வீரன் மெதுவாக அசையும்போது அவனோடு கடிகாரமும் மெதுவாகவே நகரும். பதித்த கடிகாரத்தைப் பின்னர் அழிக்க இயலாது. ஆதலால் கடிகாரமில்லாத மூலப்பதிவைத் தனியே பேணி வைத்தல் அறிவுடைமை.

கடிகாரத்தை எக்கணத்தில் தொடக்குவது என்பதும் கருதத்தக்கது. பந்தயத்தைத் தொடக்கும் துப்பாக்கியின் ஓசையைக் கேட்டுத் தொடக்கினால் பிழை நேரும். ஒலி ஒரு செக்கனில் ஏறத்தாழ 340 மீற்றரே செல்லும். எனவே 100 மீற்றர் அப்பால், எல்லைக் கோட்டருகே நிற்கும் கருவிக்கு ஓசை வந்து சேர 0.3 செக்கன் வரை செல்லும். ஒளியோ கண்ணிமைக்கும் முன்னரே வந்துவிடும். நிறுத்தற் கடிகாரம் ஏந்தியவர் ஓசைக்குக் காத்திராது புகையைப் பார்த்தே அதனைத் தொடக்குவது இதனாலேயே. தொகுப்பவரும் புகையோ ஒளியோ முதலில் தோன்றும் தனிப்படத்தைத் தேடி, அதனையே சுழியமாகக் கொள்ளல் வேண்டும்.

அடுத்தது நுட்பத்தின் எல்லை. இலங்கையில் 1979இல் தொடங்கிய தொலைக்காட்சி, செக்கனுக்கு 25 தனிப்படங்கள் என்னும் முறையைக் கைக்கொண்டது. அவ்வாறாயின் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 0.04 செக்கன் உண்டு. அவ்விடைவெளியில் நடந்ததைக் கருவி கண்டிலது. அத்தகைய படத்தின்மீது செக்கனின் ஆயிரத்திலொரு பங்கைக் காட்டும் எண்களை ஓடவிடுவது அறியாததை அறிந்ததாகச் சொல்வதாகும். 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக் விழாவிலே, 400 மீற்றர் கலப்பு நீச்சலில் சுவீடன் நாட்டு குன்னார் லார்சன், அமெரிக்கரான ரிம் மக்கீயை 0.002 செக்கனால் வென்றதாகத் தீர்ப்பாயிற்று. நீச்சற் பாதைகளின் நீளமே அவ்வளவு நுட்பமாகச் சமமாக இருப்பதில்லை என்பதைக் கருதி, பின்னர் நூற்றிலொரு பங்கோடு நிறுத்திக்கொள்ளும் விதி ஏற்பட்டது. ஆயிரத்திலொரு பங்கை அளக்கும் கருவியைக் கையில் வைத்திருந்தவர்களே அவ்வாறு தம்மை அடக்கிக்கொண்டனர்.

தனிப்படங்களை எண்ணி நேரம் காட்டும் கடிகாரத்துக்கு மற்றுமொரு சோதனை உண்டு. அமெரிக்காவில் 1953இல் வர்ணத் தொலைக்காட்சி முறை ஏற்கப்பட்டபோது, செக்கனுக்கு 30 என்றிருந்த படங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 29.97 ஆகக் குறைக்கப்பட்டது. ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசந்தானே என்று தோன்றலாம். ஆனால் 30 படங்களை ஒரு செக்கனென்று எண்ணிச் செல்லும் கடிகாரம், ஒரு மணித்தியாலத்தில் 3.6 செக்கன் பின்தங்கிவிடும். இதனைச் சீர்செய்ய ஒரு வழி கண்டனர். ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் இரண்டு எண்களைத் தாண்டிவிட்டு, பத்தாவது நிமிடந்தோறும் மட்டும் தாண்டாமல் எண்ணுவதே அது. படம் எதுவும் கைவிடப்படுவதில்லை. இலக்கம் மட்டுமே தாண்டப்படுகின்றது. மிகைநாளைச் சேர்த்தும் விட்டும் பஞ்சாங்கத்தைச் சூரியனோடு இணைப்பது போன்ற ஏற்பாடு இது.

இன்றைய கைத்தொலைபேசிகள் பல, வெளிச்சத்துக்கும் வேலைப்பளுவுக்கும் ஏற்பத் தம் படவேகத்தைச் சற்றே மாற்றிக்கொள்வன. கில்பிரெத் காலத்துக் கைச்சுழற்சியின் குறை வேறோர் உருவில் மீண்டும் வந்திருக்கின்றது எனலாம். ஆகையால் அத்தகைய பதிவை ஒரே சீரான வேகத்துக்கு மாற்றிய பின்னரே கடிகாரம் பதித்தல் நன்று. ஐயம் நீங்க வேண்டுமாயின், கில்பிரெத் செய்தது போல, படமெடுக்கும்போதே உண்மையான கடிகாரம் ஒன்றை ஓரத்தில் வைத்து எடுத்துவிட்டால், பதித்த கடிகாரத்தை அதனோடு ஒப்புநோக்கித் திருத்திக்கொள்ளலாம்.

படத்தைச் சுருக்குவதிலே தவறொன்றும் இல்லை. முழுப் பந்தயத்தையும் பார்க்க எல்லோர்க்கும் பொழுதிராது. ஆனால் நிகழ்ச்சியின் நேரத்தைக் காட்டுவதாகச் சொல்லி ஒரு கடிகாரத்தைத் திரையில் நிறுத்தியவர், அதன் சொல்லுக்குத் தாமே பொறுப்பாளி. வெட்டிய இடத்தில் எண் தாவட்டும்; கருவி காணாத நுட்பத்தை எண் காட்டாதிருக்கட்டும். அத்தகைய படத்தைப் பார்க்கும் மாணவன், தான் ஓடிய நேரம் இதுவே என்று எவர் முன்னும் சொல்லலாம்.