நிரை பிரிப்பும் அலை பிரிப்பும்

தோட்ட வாழ்வை அறிந்தோர்க்குப் பிரட்டுக்களம் புதிதன்று. விடியுமுன் ஆட்கள் கூடுவர். தண்டல் பெயரழைத்து, இன்னார்க்கு இன்ன நிரை என்று பிரித்துக் கொடுப்பார். ஒருவர் நிரையில் மற்றொருவர் கத்தி வைப்பதில்லை. நீலாய் வட்டாரத்தில் ரப்பர் நிரைகள் செம்பனைக்கு இடம்விட்டன. செம்பனையும் பல இடங்களில் வீடமைப்புப் பகுதிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் இடம்விட்டது. நிரை பிரிக்கும் வேலை மட்டும் ஓயவில்லை. இன்று அது கைப்பேசிக் கோபுரங்களில், ஒரு நொடிக்கு ஆயிரம் முறை நடைபெறுகிறது. அவ்வேலையின் இயல்பை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

"லைன் இல்லை" என்று நாம் அனைவரும் சொல்கிறோம். இவ்விரு சொற்களுள் மூன்று வேறு நோய்கள் மறைந்துள்ளன. கோபுரத்தின் அலை நம்மை வந்தடையும்போது வலுவிழந்திருப்பது முதலாவது. அதனைத் தொய்வு என்போம். அலை வலுவுடன் வந்தும், அதே அலைவரிசையில் வேறொரு கோபுரம் அனுப்பும் அலை அதன்மேல் படிந்து தெளிவைக் கெடுப்பது இரண்டாவது; இது குறுக்கீடு. அலை தெளிவாக இருந்தும், பங்கிட்டுக் கொள்வோர் மிகுந்து ஒவ்வொருவர் பங்கும் சுருங்குவது மூன்றாவது, இது நெரிசல். கைப்பேசித் திரையிலுள்ள கோடுகள் பெரும்பாலும் வலுவையே காட்டுகின்றன. தெளிவையும் பங்கையும் காட்டுவதில்லை. கோடுகள் நிறைந்திருந்தும் பாடக் காணொளி அசையாமல் நிற்பதன் காரணம் இதுவே.

அலைக்கற்றை நிலத்தைப் போன்றது. அதனைப் புதிதாக உண்டாக்க இயலாது. ஒரு நிறுவனத்துக்குக் கிடைத்த சிறு பகுதியைக் கொண்டு பல இலட்சம் பேருக்குச் சேவை வழங்குவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் எழுதப்பெற்ற ஒரு குறிப்பு விடை தந்தது. நிலப்பரப்பை அறுகோணக் கலங்களாகப் பிரித்து, அலைவரிசைகளைத் தொகுதிகளாக்கி, அண்டைக் கலங்களுக்கு வெவ்வேறு தொகுதிகளை வழங்கி, போதிய தொலைவு சென்றபின் முதல் தொகுதியையே மீண்டும் பயன்படுத்தலாம் என்பதே அவ்விடை.

அறுகோணம் நமக்கு அயலானதன்று. செம்பனைக் கன்றுகளைச் சுமார் 9 மீட்டர் இடைவெளியில் முக்கோண முறையில் நடுகிறோம். அவ்வாறு நடும்போது ஒவ்வொரு மரத்தையும் சம தொலைவில் ஆறு மரங்கள் சூழ்கின்றன. ஒவ்வொரு மரத்துக்கும் உரிய நிலத்தை எல்லை கட்டினால் அது அறுகோணமாகும். மரம் நின்ற இடத்தில் கோபுரத்தை வைத்தால், கைப்பேசி வலையின் வரைபடம் நம் கண்முன் நிற்கும்.

எத்தனை தொகுதிகள் வேண்டும் என்பதைக் கணக்கே முடிவு செய்கிறது. தரையோடு செல்லும் அலை, தொலைவின் ஏறத்தாழ நான்காம் படிக்கு ஏற்பத் தேய்கிறது எனக் கொள்வோம். 7 தொகுதிகளாகப் பிரித்தால், ஒரே தொகுதியைப் பயன்படுத்தும் இரு கோபுரங்களுக்கு இடையிலான தொலைவு கலத்தின் ஆரத்தைப் போல் 4.6 மடங்காகும். அப்போது கலத்தின் விளிம்பில் நிற்பவருக்குத் தம் கோபுரத்தின் அலை, சூழ்ந்த ஆறு குறுக்கீட்டு அலைகளின் கூட்டுத்தொகையைக் காட்டிலும் ஏறத்தாழ 73 மடங்கு வலுவுடன் கிடைக்கும். 3 தொகுதிகளாயின் அது 13 மடங்காகக் குறையும். பழைய ஒப்புமை முறைப் பேச்சுக்கு 60 மடங்குக்குமேல் வேண்டியிருந்தது. ஆகவே அது 7 தொகுதிகளை நாடியது. எண்முறைக்கு மாறிய இரண்டாம் தலைமுறைக்கு 8 மடங்கே போதுமானதால், தொகுதிகளைக் குறைத்து ஒவ்வொரு கலத்துக்கும் மிகுதியாக வழங்க இயன்றது.

மலேசியாவில் இக்கதை 1985இல் தொடங்குகிறது. அவ்வாண்டு 450 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தொடங்கப்பெற்ற முதற்சேவைக்கு 'அத்தூர்' என்று பெயர். அஃது ஓர் ஆங்கிலச் சுருக்கப் பெயரே எனினும், மலாய்மொழியில் அச்சொல்லுக்கு 'ஒழுங்குசெய்' என்னும் பொருளும் உண்டு. பெயர் பொருத்தமாகவே அமைந்தது.

மூன்றாம் தலைமுறையில் எல்லாக் கலங்களும் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்தின. ஒவ்வொருவர் பேச்சும் தனித்தனிக் குறியீட்டால் பிரித்தறியப்பட்டது. அங்கே ஒருவர் உரக்கப் பேசினால் அனைவருக்கும் இடையூறு. ஆதலால் கைப்பேசியின் ஆற்றலைக் கூட்டுமாறும் குறைக்குமாறும் கோபுரம் நொடிக்கு 1500 முறை கட்டளையிட்டது.

நான்காம் தலைமுறையோ மீண்டும் நிரை பிரிக்கும் முறைக்கே வந்தது. 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைவரிசை, 180 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள 100 துண்டுகளாக வகுக்கப்படுகிறது. ஆயிரத்தில் ஒரு நொடிக்கு ஒருமுறை, எத்துண்டு எவருக்கு என்று கோபுரம் முடிவு செய்கிறது. அண்டைக் கோபுரங்களும் தமக்குள் செய்தி பரிமாறிக் கொள்கின்றன. 'இத்துண்டுகளில் எனக்குக் குறுக்கீடு மிகுதி' என்று ஒன்று அறிவிக்க, மற்றது அத்துண்டுகளில் ஆற்றலைத் தணிக்கிறது. இரு தோட்டங்களின் தண்டல்கள் எல்லை நிரையைப் பற்றிப் பேசிக்கொள்வதை ஒத்தது இது.

அலைக்கற்றையின் பெரும்பங்கீடு அரசின் பொறுப்பு. 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் கீழ் அதனை மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் செய்கிறது. 2019இல் ஒப்புமைத் தொலைக்காட்சி நிறுத்தப்பட்டதால் 700 மெகாஹெர்ட்ஸ் பகுதி கைப்பேசிக்குக் கிட்டியது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் மூன்றாம் தலைமுறை வலை மூடப்பட்டு, அதன் அலைவரிசைகள் நான்காம் தலைமுறைக்குத் திருப்பப்பட்டன. அதே டிசம்பரில் ஐந்தாம் தலைமுறைச் சேவை தொடங்கியது. அதன் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அனுப்புதலும் பெறுதலும் ஒரே அலைவரிசையில் முறைவைத்து நிகழ்கின்றன. அண்டைக் கோபுரங்கள் ஒரே கடிகாரத்துக்குக் கட்டுப்படாவிடின், ஒன்று கேட்கும் வேளையில் மற்றொன்று முழங்கும். அவற்றின் நேர வேறுபாடு நொடியின் பத்து இலட்சத்தில் மூன்று பங்குக்குள் இருத்தல் வேண்டும்.

இனித் தோட்டத்துக்கு வருவோம். செம்பனை ஓலை நீர் நிறைந்தது. மழையில் நனைந்தால் இன்னும் மிகுதி. அஃது அலையை உறிஞ்சுகிறது. 700 மெகாஹெர்ட்ஸ் அலை ஓரளவு ஊடுருவும்; 3.5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவில் தளரும். ஆயின் ஓலை தொய்வைத் தருவதுபோலவே காப்பும் ஆகிறது. தொலைவிலுள்ள கோபுரத்தின் அலையை அதுவே தடுத்து நிறுத்துகிறது. ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுநடவுக்காக மரங்கள் வீழ்த்தப்படும்போது தொய்வு நீங்கலாம். ஆனால் அதுவரை எட்டாதிருந்த குறுக்கீடு எட்டலாம். ஆகவே கோபுரத்தின் அலைவாங்கி எவ்வளவு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும் என்பதை ஒருமுறை கணித்தால் போதாது. தோட்டம் மாறுந்தோறும் கணித்தல் வேண்டும்.

லயத்து வீடுகளில் கோடு குறைவதால், அங்கீகாரமற்ற அலைபெருக்கிக் கருவியை வாங்கிக் கூரையில் பொருத்துவோர் உளர். பிள்ளைகளின் படிப்பை எண்ணிச் செய்வதை நாம் குறைகூறவில்லை. விளைவை மட்டும் அறிதல் வேண்டும். ஒரு கைப்பேசி அனுப்பும் ஆற்றல் பொதுவாக 0.2 வாட்டுக்கு மேற்படாது. கோபுரம் அந்த மெல்லொலிக்கே செவிசாய்த்திருக்கிறது. கட்டுப்பாடற்ற அலைபெருக்கி, குரலோடு இரைச்சலையும் பெருக்கிக் கோபுரத்தின் செவியில் கொட்டுகிறது. அதன் இரு அலைவாங்கிகளும் அருகருகே இருப்பின், ஒலிபெருக்கி வீறிடுவதுபோல் அதுவும் வீறிடும். அப்போது ஒரு வீட்டில் கோடு நிறைய, சுற்றியுள்ள வீடுகளில் அழைப்பு அறுபடும். அவசர ஊர்தியை அழைப்பவரின் குரலும் அதனுள் அமிழக்கூடும்.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? நோயைப் பெயர்சொல்லி முறையிடுதல். நாள் முழுதும் கோடு குறைவாயின் அது தொய்வு. கோபுரமோ தாழ் அலைவரிசையோ வேண்டும். கோடு நிறைந்திருந்தும் மாலையில் வேகம் வீழ்ந்தால், அதே வேளையில் கோபுரத்தின் அருகே சென்று பார்த்தல் நன்று. அங்கே சீராக இருந்தால் குறுக்கீடு எனவும், அங்கும் தளர்ந்திருந்தால் நெரிசல் எனவும் பெரும்பாலும் கொள்ளலாம். இடம், நேரம், கோடுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதி முதலில் சேவை நிறுவனத்துக்கும், தீராவிடின் ஆணையத்துக்கும் அனுப்பலாம். குடியிருப்பாளர் பலர் ஒருங்கே எழுதும்போது அம்முறையீடு ஓர் அளவாய்வின் பயனைத் தரும்.

தொய்வு, குறுக்கீடு, நெரிசல் என்னும் மூன்றும் எளிய தமிழ்ச் சொற்களே. அவற்றை இடமறிந்து ஆளும் தோட்டத்து மக்களிடம், 'உங்கள் பகுதியில் லைன் இருக்கிறதே' என்று எவரும் எளிதில் சொல்லிவிட்டுச் செல்ல முடியாது.