நிலத்தில் இறங்கும் கலை

1892-இல் செண்டா பெரன்சன் அம்மையார் அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரிப் பெண்களுக்குக் கூடைப்பந்தாட்டத்தைக் கற்பித்தபோது, ஆடுகளத்தை மூன்றாகப் பகுத்து, எவளும் தன் பகுதியைக் கடக்கலாகாது என விதித்தார். பெண்ணுடல் மிகுந்த ஓட்டத்தைத் தாங்காது என்பது அக்காலத்து எண்ணம். அவ்விதி மறைந்தது. இந்திய அணியின் தலைவியாக விளங்கிய சென்னை அனிதா பால்துரை 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

ஆயினும் ஓர் இடர் உண்டு. முழங்காலினுள் தொடையெலும்பைக் கீழ்க்கால் எலும்புடன் பிணைக்கும் முன்நார், ஆடவரைவிடப் பெண்களுக்கு இருமடங்கிற்கும் மேலாக அறுபடுகிறது. பெரும்பாலும் எவரும் மோதுவதில்லை. பந்துக்குத் தாவியவள் ஒற்றைக் காலில் இறங்குகிறாள், உடல் ஒருபுறம் சாய்கிறது, முழங்கால் உட்புறம் மடிகிறது. அறுவை செய்துகொண்டவள் களம் திரும்ப ஒன்பது மாதமேனும் ஆகும். சிலர் திரும்புவதேயில்லை.

எனவே நான் முழங்காலைவிட இடுப்பையே முதலில் நோக்குவேன். வயிறு, முதுகு, இடுப்புத் தசைகள் உறுதியாயின் உடல் சாயாது. முழங்கையூன்றிப் பலகைபோல் நிற்றல், மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துதல், ஒற்றைக் காலில் மெல்லத் தாழ்தல் ஆகியவற்றுக்குக் கருவி எதுவும் வேண்டா. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரின் மார்கழிக் குளிரில் முதலில் மெல்லோட்டம் ஓடி உடலைச் சூடேற்றுக. வாரம் மூன்று நாள், பதினைந்து நிமிடம் போதும். தாவி இறங்கும்போது தோழி எதிரே நின்று, முழங்கால் பாதத்திற்கு நேராக உள்ளதா என்று பார்க்கட்டும்.